வீட்டிலேயே ஸ்கேற் சாணை பிடிக்கிற மெஷின்: வாங்கலாமா, கடையே போதுமா?

மார்க்கம்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். ஐஸ் ஹொக்கி விளையாடுகிற பிள்ளைகள் இரண்டு பேர், 12 வயதும் 9 வயதும். ஆளுக்குக் கிழமைக்கு நாலு மணித்தியாலம் ஐஸ். செப்டெம்பர் நடுவில் தொடங்கி மார்ச் கடைசி மட்டும் போகும். கடையில் ஒரு சோடிக்கு 10 டொலர்.

மூன்று கேள்வி. தானியங்கிச் சாணை மெஷின் ஒன்று வாங்கி வீட்டில் வைத்தால் உண்மையாகவே காசு மிச்சம் வருமா? சாணை பிடித்துப் பழக்கமே இல்லாத ஆக்கள் அதைப் பாவித்தால் பிளேட் பழுதாகுமா? கடைசியாகச் சாணை பிடித்த பிறகு மூத்தவர் வலப்பக்கம் திரும்பேக்க வழுக்குது என்கிறார், இடப்பக்கம் பிரச்சினை இல்லையாம். இது சாணையின் பிழையா, பிள்ளையின் பழக்கமா?

நீலக்கோடு

அக்கா, மூன்றாவதில் இருந்து தொடங்குறன். மெஷின் வேணுமா இல்லையா என்பதற்கு விடை அதுக்குள்ளதான் இருக்குது.

வலப்பக்கம் திரும்பேக்க உடம்பு வலப்பக்கம் சாயும். அந்த நேரம் ஐஸைப் பிடிக்கிறது வலக்காலின் வெளிவிளிம்பும் இடக்காலின் உள்விளிம்பும். எந்தக் கால் வழுக்குது என்று பிள்ளையிடம் கேளுங்கோ. "வலக்கால்தான், எப்பவும்" என்று சொன்னால் ஸ்கேற்றைத் தலைகீழாக வைத்துப் பார்க்கேக்க வலக்கால் பிளேட்டின் வெளிவிளிம்பு உள்விளிம்பை விடத் தாழ்ந்து நிற்குது என்று சந்தேகப்படலாம். இரண்டு காலும் மாறி மாறி வழுக்கினால் பழக்கமாக இருக்கலாம், இல்லாட்டி இரண்டு பிளேட்டும் மழுங்கியிருக்கலாம்.

பிளேட்டின் அடிப்பக்கம் தட்டையானது இல்லை. கூரைப் பீலி மாதிரி நடுவில் ஒரு குழிவு நீளத்துக்கு ஓடும், இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு நிற்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேணும். பார்க்கிறதுக்கு ஸ்கேற்றைத் தலைகீழாக மடியில் வைத்து, ஒரு 25 சத நாணயத்தைக் குறுக்காக இரண்டு விளிம்பிலும் படுக்க வையுங்கோ. பிறகு முன்பக்கத்தில் இருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கோ. பிளேட்டின் பக்கத்துக்கு நாணயம் சரி செங்குத்தாகத் தெரிய வேணும். ஒரு சின்ன மூலைமட்டம் இருந்தால் அதைப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கலாம்.

ஆனால் நாணயத்தை முழுக்க நம்ப வேண்டாம். ஹொக்கி பிளேட் சுமார் 2.8 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு விளிம்பு மற்றதை விட ஆயிரத்தில் ஒரு அங்குலம், அதாவது 0.025 மில்லிமீற்றர், தாழ்ந்தால் சரிவு அரைப் பாகைதான். நாணயத்தின் இரண்டு நுனிக்கும் இடையில் அது 0.2 மில்லிமீற்றர் வித்தியாசம், வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. காந்தத்தில் ஒட்டுகிற, நீட்டுச் சட்டமும் கோடுகளும் உள்ள விளிம்பு மட்டமானி விற்குது. 15 சென்ரிமீற்றர் சட்டத்தில் அதே பிழை 1.3 மில்லிமீற்றருக்குமேல் தெரியும். மெஷின் வாங்குறீங்களோ இல்லையோ, முதலில் அதை வாங்குங்கோ. முன்பக்கம், நடு, குதிப்பக்கம் மூன்று இடத்திலும் பாருங்கோ. மூன்றிலும் ஒரே விளிம்பு தாழ்ந்திருந்தால் சாணைச் சில்லு பிளேட்டின் நடுவில் ஓடவில்லை. முன்னால் ஒரு விளிம்பும் பின்னால் மற்ற விளிம்பும் தாழ்ந்திருந்தால் பிளேட் வளைந்திருக்குது, இல்லாட்டி அதைத் தாங்குற ஹோல்டர் ஆடுது. வளைந்த பிளேட்டை எந்த மெஷினும் நேராக்காது.

பிராம்ப்டன்_கணக்கர்

முதல் கேள்விக்கு நான் வரேங்க. எண்கள் இல்லாம இதைப் பேசவே முடியாது.

ஒரு குழந்தைக்கு வாரம் 4 மணி, 28 வாரம், மொத்தம் 112 மணி. உள்ளரங்க ஐஸில் 7 மணி நேரத்துக்கு ஒரு தடவை சாணைன்னு வைங்க, சீசனுக்கு 16 தடவை. ரெண்டு பேருக்கும் 32 ஜோடி. கடைக்குப் போறது 320 டாலர்.

இப்போ மெஷின். வீட்டு உபயோகத்தில் அதிகம் பார்க்கிறது மாசசூசெட்ஸ் மாநிலம் ஆக்டனில் இருக்கிற ஸ்பார்க்ஸ் நிறுவனத்தோடது, அடுத்து ஸ்வீடனின் புரோஷார்ப். ஸ்பார்க்ஸ் மாதிரி மெஷின் விலை ஆயிரம் அமெரிக்க டாலருக்குப் பக்கம். ஒன்டாரியோவில் 13 சதவீத வரியோட 1,500 கனேடிய டாலர்னு வச்சுக்கலாம். அதில் சாணைக்கல்லுக்குப் பதிலா உராய்பொருள் பூசின உலோக வளையம் ஓடும். வளையம் ஒரு தடவை பிளேட் மேல ஓடறதை ஒரு ஓட்டம்னு சொல்வாங்க. ஒரு வளையத்தின் ஆயுள் 320 ஓட்டம், அதுக்குள்ள இருக்கிற சிப் ஒவ்வொரு ஓட்டத்தையும் எண்ணிக்கிட்டே வரும். ஒரு ஸ்கேட்டுக்கு 4 ஓட்டம்னா ஜோடிக்கு 8, ஒரு வளையத்துக்கு 40 ஜோடி. வளையம் வரியோட 100 டாலர்னு போட்டா ஜோடிக்கு 2.50.

அப்போ உங்க 32 ஜோடிக்கு வளையச் செலவு 80 டாலர். வருஷ மிச்சம் 240. மெஷின் காசு திரும்ப ஆறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. 12 வயசுக்காரர் அதுக்குள்ள 18 ஆகிடுவார். காசுக்காக மட்டும் வாங்கறதா இருந்தா, ரெண்டு குழந்தை, வாரம் 4 மணி என்கிற நிலையில் வேண்டாம்.

கணக்கு எங்க மாறுதுன்னா: வாரம் 7, 8 மணி ஐஸ் இருந்தா, அல்லது வீட்டில் நாலு பேர் ஆடினா மூணு, மூணரை வருஷத்தில் ஈடாகிடும். பக்கத்து வீட்டோட பங்கு போட்டு வாங்கினாலும் ஈடாகும், ஆனா வளையத்தை ஆளாளுக்குத் தனியா வச்சுக்கோங்க, ஓட்டக் கணக்கில் மனஸ்தாபம் வரும். கடை வீட்டிலிருந்து 25 நிமிஷம் தள்ளி இருந்தா போக வர பெட்ரோலையும் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. விற்கும்போது ஒரு பகுதி காசு திரும்பும், அதை நான் இங்க கழிக்கலை.

எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு செலவு இருக்கு. குழந்தைகளுக்கு வருஷா வருஷம் கால் வளரும், புது ஸ்கேட் வரும். புது ஸ்கேட்டுக்கு முதல் தடவை 4 ஓட்டம் பத்தாது, 10, 12 போகும். ரெண்டு குழந்தைக்கும் அப்படிச் செஞ்சா சாதாரணமா ஆறு ஜோடி பிடிக்கிற அளவு ஓட்டம் ஒரே நாளில் போயிடும்.

சாணைக்கல்

கணக்கரின் கணக்கு சரி. ஆனால் காசைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கடையில் 10 டாலர் கொடுத்து வாங்குவது கூர்மையை மட்டுமல்ல, ஒரு குறிப்பிட்ட குழிவையும்தான். ஒவ்வொரு தடவையும் அதே குழிவு கிடைக்கிறதா என்பதே கேள்வி.

குழிவை வட்டத்தின் ஆரத்தால் சொல்கிறோம். அரை அங்குலம் என்றால் அரை அங்குல ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு வில் பிளேட்டின் அடியில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆரம் சிறிதானால் குழிவு ஆழம், பிடிப்பு அதிகம், சறுக்கு குறைவு. ஆரம் பெரிதானால் குழிவு மேலோட்டம், சறுக்கு நன்றாக வரும், திருப்பத்தில் பிடிப்பு குறையும். 2.8 மில்லிமீட்டர் தடிப்புக்குக் கணக்கிட்டால் 3/8 அங்குலத்தில் ஆழம் 0.10 மில்லிமீட்டர், 1/2 அங்குலத்தில் 0.077, 5/8 அங்குலத்தில் 0.062, 1 அங்குலத்தில் 0.039. தலைமுடியின் தடிமன் அளவுக்குள்தான் இந்த வித்தியாசம் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆனாலும் பிள்ளையின் கால் அதை உணரும்.

கடையின் மேசை மெஷினில் சில்லுக்கு இந்த வடிவத்தைக் கொடுப்பது ஒற்றை முனை வைரம். ஒரு கரம் ஆரத்துக்கு ஏற்பப் பூட்டப்பட்டு, வைரம் சில்லின் விளிம்பை வில்லாகச் சீவும். சனிக்கிழமை காலை வரிசையில் முப்பது ஜோடி நிற்கும்போது, முன்னால் நின்றவர் 5/8 கேட்டார், நீங்கள் 1/2 கேட்கிறீர்கள் என்றால் கரத்தை மாற்றிச் சில்லை மறுபடி சீவ வேண்டும். சீவினார்களா என்பதை ஆழத்தை அளக்காமல் நீங்கள் அறிய முடியாது. இதற்குத்தான் வீட்டு மெஷின் பயன்படும். அதன் வளையத்தில் ஆரம் மாறாது, சீவவும் தேவையில்லை.

அதே மெஷினுக்கு இருக்கும் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பிளேட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அடிப்பக்கம் வளைந்திருக்கும். கடையில் வரும் ஹொக்கி பிளேடுகளில் இந்த வளைவு பெரும்பாலும் 9 அல்லது 10 அடி ஆரம். இது வேறு, குழிவு வேறு. வீட்டு மெஷின் இருக்கிற வளைவைத் தொட்டுக்கொண்டு ஓடும், அதைத் திருத்தாது. ஏற்கெனவே யாரோ முன்பக்கத்தையும் குதிப்பக்கத்தையும் அழுத்தித் தேய்த்து உருட்டியிருந்தால், அதே உருண்ட வடிவத்தை நேர்த்தியாகக் கூராக்கித் தரும். வீட்டில் மெஷின் இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை வளைவைச் சரியான வளைவுள்ள மாதிரிச் சட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் கடைக்குப் போகத்தான் வேண்டும்.

கையால் ஓட்டும் மேசைச் சில்லு மெஷினை வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பழைய பிளேடுகளில் பல டஜன் தடவை பழகாமல் பிள்ளையின் ஸ்கேட்டை அதில் வைக்காதீர்கள். முனையில் கை ஒரு நொடி தயங்கினாலே அங்கே பள்ளம் விழும். சில்லு வழவழப்பாகிவிட்டதைக் கவனிக்காமல் அழுத்தினால் எஃகு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அங்கே கூர் நிற்காது.

மார்க்கம்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. சாணைக்கல் ஐயா, பிள்ளைகளுக்கு எந்தக் குழிவு? கடையில் "வழமையானது" என்றுதான் கேட்கிறம். 9 வயதுக்காரர் 28 கிலோ, மூத்தவர் 43 கிலோ.

சாணைக்கல்

"வழமையானது" என்பது பெரும்பாலான கடைகளில் 1/2 அங்குலம். இருவருக்கும் அதிலேயே இருங்கள். பாரம் குறைந்தவர்கள் ஐஸில் குறைவாகவே அமிழ்வார்கள், அதனால் அவர்களுக்குச் சற்று ஆழமான குழிவு உதவும். சின்னவர் நிறுத்தத்தில் வழுக்குகிறார் என்றால் 3/8 முயலலாம். ஆனால் இதை ஊகத்தால் மாற்றாதீர்கள். பிள்ளை சறுக்கி நிற்கும்போது ஐஸ் கடித்துப் பிடித்துத் தடுமாறினால் குழிவு ஆழம் அதிகம். திருப்பத்தில் நழுவினால் ஆழம் போதவில்லை, அல்லது கூர் போய்விட்டது. இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள, புதிதாகச் சாணை பிடித்த அன்றே கேளுங்கள். ஏழு மணி நேரம் ஆடிய பிறகு கேட்டால் பதில் குழம்பும்.

கடையில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: பிடிப்பது வட்டக் குழிவா, தட்டை அடியுள்ள வி வடிவமா? சில கடைகள் பிளாக்ஸ்டோன் மெஷினில் இந்த இரண்டாவது வகையைச் செய்கின்றன. அதன்மேல் வீட்டு மெஷினின் வட்ட வளையத்தை ஓட்டினால் முதல் தடவை நாலு ஓட்டத்தில் முடியாது.

நீலக்கோடு

இரண்டாவது கேள்வி: பழக்கமில்லாத ஆக்கள் பாவித்தால் பிளேட் பழுதாகுமா? பெரிதாகப் பழுதாகாது. ஆனால் வரக்கூடிய பிழைகளில் ஒன்று மட்டும் அடிக்கடி வரும், அது நடுப்படுத்தல்.

வளையத்தின் நடு பிளேட்டின் நடுவில் இல்லாமல் 0.1 மில்லிமீற்றர் தள்ளிப் போனால் என்ன நடக்கும்? 1/2 அங்குலக் குழிவில் ஒரு விளிம்பு மற்றதை விட 0.022 மில்லிமீற்றர் உயரும், கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு அங்குலம். 3/8 குழிவில் அதே தள்ளலுக்கு 0.029. குழிவு ஆழமாக ஆக, நடுப்படுத்தலில் விடுகிற பிழைக்குத் தண்டனை கூடும். அதனால்தான் 3/8 பாவிக்கிற வீடுகளில் "மெஷின் சரியில்லை" என்ற முறைப்பாடு கூட வரும். மெஷின் சரியாகத்தான் இருக்கும், வளையத்தை நடுப்படுத்துகிற திருகைத் திருத்தியிருக்க மாட்டினம்.

செய்யிற ஒழுங்கைச் சொல்லுறன்.

பிளேட்டைத் துணியால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கோ. ஈரமும் மண்ணும் கிளாம்பின் தாடைக்குள் போனால் பிளேட் நேராக உட்காராது. பிறகு கறுப்பு மார்க்கர் எடுத்து அடிப்பக்கம் முழுக்க, முனையில் இருந்து குதி மட்டும், மை பூசுங்கோ. இந்த ஒரு வேலையை விடாதேங்கோ. ஸ்கேற்றைத் தலைகீழாகப் பிடித்து, பிளேட்டை இடுக்கில் விட்டு, கிளாம்பை இறுக்குங்கோ. ஹோல்டர் எங்கேயும் முட்டாமல் இருக்க வேணும், சப்பாத்தின் நாடா உள்ளே தொங்கக் கூடாது.

ஒரே ஒரு ஓட்டம் விட்டு நிறுத்தி மையைப் பாருங்கோ. மை எல்லா விடயத்தையும் சொல்லும். நடுவில் அழிந்து இரண்டு விளிம்போரமும் மை மிஞ்சியிருந்தால், பிளேட்டில் இருந்த பழைய குழிவு உங்கள் வளையத்தை விட மேலோட்டமானது. இரண்டு விளிம்பிலும் அழிந்து நடுவில் கோடாக மை நின்றால் பழைய குழிவு ஆழமானது. இந்த இரண்டும் பிழை இல்லை, ஓட்டத்தைக் கூட்டினால் சரி. 3/8 இல் இருந்து 5/8 க்குப் போனால் விளிம்பு 0.04 மில்லிமீற்றர் இறங்க வேணும், அதுக்கு 10 ஓட்டமும் போகலாம். ஒரு விளிம்பில் மட்டும் மை நின்று மற்ற விளிம்பில் சுத்தமாகப் போயிருந்தால் அதுதான் நடுப்படுத்தல் பிழை. அப்பவே நிறுத்தித் திருத்துங்கோ. பன்னிரண்டு ஓட்டம் விட்ட பிறகு கண்டுபிடித்தால் அவ்வளவு எஃகும் வீண்.

மை முழுக்கப் போன பிறகு இன்னும் இரண்டு ஓட்டம் விட்டு, ஸ்கேற்றைக் கழற்றி, காந்த மட்டமானியால் மூன்று இடத்தில் பாருங்கோ. மட்டமானியில் ஒரு கோடு என்றால் ஆயிரத்தில் ஒரு அங்குலம். அரைக் கோட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு கோட்டுக்கு மேல் என்றால் திருகைக் கொஞ்சம் திருப்பி, இரண்டு ஓட்டம், திரும்ப மட்டம். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த விளிம்பு இறங்கும் என்று ஒரு துண்டில் எழுதி மெஷினில் ஒட்டுங்கோ. வளையத்தை மாற்றினால் நடுப்படுத்தலைத் திரும்பப் பார்க்க வேணும். தடிப்பு வேறுபட்ட ஸ்கேற் வந்தாலும் அப்படித்தான்.

கடைசி வேலை பிசிறு எடுக்கிறது. சாணை பிடித்ததும் விளிம்பில் மெல்லிய எஃகுப் பிசிறு வெளிப்பக்கம் மடிந்து நிற்கும். விரல் நகத்தைப் பக்கத்தில் இருந்து விளிம்பை நோக்கி இழுத்தால் தட்டுப்படும். மிருதுவான மெருகுக் கல்லைப் பிளேட்டின் பக்கத்தோடு ஒட்டப் படுக்க வைத்து, பாரம் கொடுக்காமல், முனையில் இருந்து குதிக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை இழுங்கோ. கல் ஒரு பாகை சரிந்தாலும் இப்பதான் பிடித்த கூர் அந்த ஒரே இழுப்பில் போயிடும். கறுப்புப் பூச்சுப் பூசின பிளேட் என்றால் கல்லே வேண்டாம், தோல்துண்டு போதும்.

பிராம்ப்டன்_கணக்கர்

நீலக்கோடு அண்ணா, ஒரு சந்தேகம். கையில் மெஷின் இருந்தா ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் பிடிச்சுடலாம்னு தோணும். எஃகு சீக்கிரம் தேயாதா?

நீலக்கோடு

தேயும். ஆனால் அடிக்கடி 2 ஓட்டம் விடுறதும், மழுங்கவிட்டுப் பிறகு 8 ஓட்டம் விடுறதும் கிட்டத்தட்ட ஒரே கணக்குத்தான். அடிக்கடி கொஞ்சமாகப் பிடித்தால் பிள்ளைக்கு ஒரே உணர்வு கிடைக்கும். எஃகை வீணாக்கிறது, தேவையில்லாமல் 4 ஓட்டம் என்ற எண்ணை ஒவ்வொரு தடவையும் பேசாமல் அமத்துறது. நகத்தை விளிம்பில் வைத்து மெல்லச் சீவுங்கோ. நகத்தூள் வந்தால் கூர் இருக்குது, வழுக்கிப் போனால் பிடியுங்கோ.

வெளியில், நேதன் பிலிப்ஸ் சதுக்கம் மாதிரித் திறந்த வெளியில் சறுக்கினால் கணக்கு மாறும். அங்கே ஐஸில் மண்ணும் உப்பும் இருக்கும், ஒரு பின்னேரத்திலேயே கூர் போகலாம். அதுக்குப் பழைய ஸ்கேற் ஒன்றை ஒதுக்கினால் நல்ல சோடி தப்பும்.

பிளேட்டில் விழுகிற வெட்டைப் பற்றியும் ஒரு சொல். விளிம்பில் சின்ன வெட்டு விழுந்தால் அதை அழிக்கிற மட்டும் ஓட்டம் விடாதேங்கோ. குழிவின் ஆழமே 0.08 மில்லிமீற்றர். வெட்டு அதை விட ஆழம் என்றால் 20 ஓட்டமும் போகும், வளையமும் போகும், பிளேட்டின் உயரமும் போகும். முனையில் இருக்கிற சின்ன வெட்டு விளையாட்டைத் தொடாது. நடுவில், பாதம் நிற்கிற இடத்தில் இருந்தால் மட்டும் துரத்துங்கோ.

பனித்துகள்

இது ஹொக்கிக்கான பேச்சு என்று தெரியும், ஆனால் மகள் ஃபிகர் ஸ்கேட்டிங் போகிற வீட்டுக்காரர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன், தயவுசெய்து மேலே சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபிகர் பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் தடிப்பு. குழிவின் ஆழம் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1/2 அங்குல வளையம் அதில் 0.157 மில்லிமீட்டர் ஆழம் வெட்டும். ஹொக்கி பிளேடில் அவ்வளவு ஆழம் வேண்டும் என்றால் 1/4 அங்குலம் பிடிக்க வேண்டியிருக்கும். ஆக, ஒரே வளையத்தை அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவாகப் பயன்படுத்தலாம், ஆனால் இருவர் காலிலும் ஒரே உணர்வு வராது. கோல் காப்பவரின் தடிப்பான பிளேடுக்கும் இதே கணக்குத்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து முன்பற்கள், அதாவது ஃபிகர் பிளேடின் முன்நுனியில் இருக்கும் பற்கள். கீழ்ப்பல் பிளேடின் அடிக்கு மிக அருகில் வரும். சுழலும் வளையம் அதைத் தொட்டால் பல் குட்டையாகும், பிறகு தாவலில் கால் ஊன்றும் இடமே மாறிவிடும். ஃபிகருக்கு ஏற்ற அமைப்பு உள்ள மெஷினில்கூட வளையம் பல்லுக்கு முன்னால் நின்றுவிடுகிறதா என்று முதல் ஓட்டத்தில் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். சுழற்சிக்கான கூடுதல் வளைவு அந்தப் பல்லுக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. முதன்மை வளைவு 7 அல்லது 8 அடி ஆரம், இது அதைவிடச் சிறியது. சாணை அங்கே சீராக ஏறவில்லை என்றால் குழந்தை சுழலும் இடமே போச்சு. பக்கங்கள் நடுவில் ஒடுங்கிய பிளேடுகள் கிளாம்பில் நேராக உட்காருவதும் இல்லை. தாவலும் சுழற்சியும் செய்யும் பிள்ளைக்கு, ஃபிகர் பிளேடு தெரிந்த கைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து அவரிடமே கொடுங்கள். தூரமானாலும் கொடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேகச் சறுக்கு பிளேடு இந்த மெஷினுக்கே உரியதல்ல. அதற்குக் குழிவு கிடையாது. இரண்டு பிளேடையும் ஒரு சட்டத்தில் இறுக்கி, தட்டைக் கல்லால் கையாலேயே தீட்டுவார்கள்.

பிராம்ப்டன்_கணக்கர்

மெஷினை எங்க வைக்கிறதுன்னும் யோசிங்க. எஃகுத்தூளும் உராய்பொருள் தூளும் வரும், தீப்பொறியும் வரும். உள்ளே விசிறியும் ஃபில்டரும் இருந்தாலும் எல்லாத்தையும் அது பிடிக்காது. பேஸ்மென்ட்ல துணி காய வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் வைக்காதீங்க, அங்க பஞ்சுத்தூள் இருக்கும். பெயின்ட், தின்னர் டப்பா பக்கத்திலும் வேண்டாம். கார்பெட் மேல வேண்டவே வேண்டாம், இரும்புத்தூள் அதுக்குள்ள போனா துரு பிடிச்சு கறை நிக்கும். ஃபில்டரை வீட்டுக்குள்ள தட்டாதீங்க, மாஸ்க் போட்டு, வெளியில ஒரு பைக்குள்ள தட்டுங்க. கராஜ்ல வச்சா ஜனவரியில அங்க குளிர் மைனஸ் பதினைஞ்சு. குளிர்ந்த மெஷினை உள்ள கொண்டு வந்த உடனே தண்ணி வேர்க்கும். அது காயற வரைக்கும் போடாதீங்க.

சாணைக்கல்

மெஷினுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. மூத்தவரின் ஸ்கேட்டில் பிளேடை நொடியில் கழற்றி மாட்டும் ஹோல்டர் இருக்கிறதா? பாயர் நிறுவனத்தின் டூக் எட்ஜ் ஹோல்டரில் ஒரு விசை இருக்கும், அதை இழுத்தால் பிளேடு இறங்கும். அப்படி இருந்தால் இரண்டாவது ஜோடி பிளேடு வாங்கிவிடுங்கள். ஒரு ஜோடி காலில், ஒரு ஜோடி பையில். கடைக்கு நேரம் கிடைக்கும்போது, கூட்டமில்லாத புதன்கிழமை மத்தியானம், நன்றாகச் செய்யும் கைக்காரர் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொடுக்கலாம். ஆட்டத்துக்கு முந்தைய அவசரம் போய்விடும். மோசமான சாணைகளில் பெரும்பாலானவை அந்த அவசரத்தில் நடப்பவைதான்.

சின்னவரின் ஸ்கேட் ஆரம்பநிலை வகையானால் பிளேடு ஹோல்டரோடு சேர்ந்தே வந்திருக்கலாம், கழற்ற முடியாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்து உயரம் குறைந்த பிளேடில் சாய்ந்து திரும்பினால் ஹோல்டரின் பிளாஸ்டிக் ஐஸில் உரசி, பிடிப்பு சட்டென்று போய்விடும். ஹோல்டரின் பக்கங்களில் புதுக் கீறல் தெரிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

இன்னொன்று: கூர் போவது ஐஸில் மட்டுமல்ல. ஆடி முடிந்ததும் பிளேடைத் துடைத்துத் துணி உறை போடுங்கள். கெட்டி பிளாஸ்டிக் உறை நடக்கும்போது மட்டும், அதைப் போட்டபடி பையில் வைத்தால் ஈரம் அடைபட்டு விளிம்பில் துரு விழும்.

மார்க்கம்_அம்மா

எல்லாரும் இவ்வளவு விளக்கமாக எழுதினதுக்கு மிக்க நன்றி. நீலக்கோடு தம்பி சொன்ன காந்த மட்டமானி வந்திட்டுது. மூத்தவரின் வலது ஸ்கேற்றில் வெளிவிளிம்பு முன்னுக்கு இரண்டு கோடு, நடுவில் இரண்டு கோடு, குதியில் ஒன்றரைக் கோடு தாழ்வு. இடது ஸ்கேற் மூன்று இடத்திலும் அரைக் கோட்டுக்குள்ள. வழுக்கிறது வலக்கால்தான் என்கிறார். ஹோல்டரில் விசை இருக்குது. சின்னவரின்ர பிளேட் கழறாது.

மெஷினை இந்த சீசனுக்கு விடுவம் என்று நினைக்கிறம். மூத்தவருக்கு இரண்டாவது சோடி பிளேட் வாங்குறது, ஒவ்வொரு தடவையும் கடையில் இருந்து வந்ததும் அளந்து எழுதுறது. அடுத்த வருடம் அவருக்கு ஐஸ் ஏழு மணித்தியாலம் ஆகும், அப்போது திரும்பக் கணக்குப் பார்ப்பம். இப்ப இந்த வலது ஸ்கேற்றைக் கடையில் என்ன சொல்லிக் குடுக்கிறது?

நீலக்கோடு

மூன்று இடத்திலும் ஒரே விளிம்பு தாழ்வு, இடது ஸ்கேற் சரி. அதனால் பிளேட் வளையவில்லை, வலதைப் பிடிக்கேக்க சில்லு நடுவில் ஓடவில்லை. நல்ல செய்திதான் அக்கா, எஃகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"திரும்பச் சாணை பிடித்துத் தாங்கோ" என்று மட்டும் சொன்னால் அதே இடத்தில் வைத்து அதே மாதிரி ஓட்டித் தருவினம். "வலது பிளேட்டின் வெளிவிளிம்பு ஆயிரத்தில் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்குது, 1/2 அங்குலக் குழிவில் சமப்படுத்தித் தாங்கோ" என்று சொல்லுங்கோ. மட்டமானியையும் கையோட கொண்டு போங்கோ. உயர்ந்து நிற்கிற உள்விளிம்புதான் இறங்க வேணும், அதனால் வழமையை விடக் கூடுதல் ஓட்டம் போகும். கடையை விட்டு வெளிக்கிட முதல் அங்கேயே வைத்து மூன்று இடத்திலும் பாருங்கோ. இடது ஸ்கேற்றைக் குடுக்க வேண்டாம், அது சரியாக இருக்குது.